கிளெப் கால்குலஸ், வேதியியல்: +2 கணக்கு கைகொடுக்குமா?

ஊரில் +2-வில் படித்த கணக்கையே அமெரிக்கக் கல்லூரியில் பணம் கட்டி மறுபடியும் படிக்க வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம், கிளெப் எழுதுங்கள். காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு 1967 முதல் நடத்திவரும் தேர்வு இது. தேறினால் அந்த வகுப்பில் உட்காராமலே கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு, கிடைக்கும்.

நான் கரூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கல்யாணமாகி டெக்சாஸ் வந்து, மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில், சேர்ந்தேன். கால்குலஸ் (நுண்கணிதம்), வேதியியல் இரண்டையும் கிளெப்பில் எழுதித் தேறினேன்.

செலவு அதிகமில்லை. தேர்வுக் கட்டணம் 100 டாலருக்குக் கொஞ்சம் உள்ளேதான் வந்தது. தேர்வு மையம் தனியாக ஒரு தொகை வாங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்துகிறது. அதை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் கிடைக்கும். நான் இரண்டுக்கும் அப்படித்தான் எழுதினேன்.

கால்குலஸ் தேர்வு 90 நிமிடம், 44 கேள்வி. முதல் 27 கேள்விக்கு 50 நிமிடம், கால்குலேட்டர் கிடையாது. மீதி 17-க்கு 40 நிமிடம், திரையிலேயே வரைபடம் போடும் கால்குலேட்டர் வரும். அதைத் தேர்வுக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பொத்தானைத் தேடினால் நேரம் ஓடிவிடும். எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் நாம் போட்ட கணக்குதான். கையால் போடும் வேகத்தில் நம் பிள்ளைகளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் பழகிக்கொண்டால் போதும்.

ஆனால் நமக்குப் பழக்கமில்லாத ஒரு வகைக் கேள்வி உண்டு. ஒரு சார்பின் வகைக்கெழுவை மட்டும் வரைபடமாகக் கொடுத்துவிட்டு, மூலச் சார்பு எந்த இடைவெளியில் ஏறுகிறது என்று கேட்பார்கள். கண் தானாகக் கோடு மேலே ஏறும் இடத்துக்குப் போகும். பார்க்க வேண்டியதோ கோடு கிடை அச்சுக்கு மேலே இருக்கும் இடம். அங்கே கோடு இறங்கிக்கொண்டிருந்தாலும் மூலச் சார்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். இதே போல, ஒரு வண்டியின் வேகத்தை அட்டவணையாகக் கொடுத்து, போன தூரத்தைத் தோராயமாகக் கணக்கிடச் சொல்வதும் உண்டு. என் தயாரிப்பு நேரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கே போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை: வகைக்கெழு என்றால் என்ன என்று உண்மையில் புரிந்தது இப்போதுதான்.

முடித்தவுடன் மதிப்பெண் திரையில் வந்துவிடும். 20-லிருந்து 80 வரை அளவு. பெரும்பாலான கல்லூரிகள் 50 கேட்கின்றன. தவறான விடைக்குக் கழிப்பது கிடையாது, அதனால் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். தேறாமல் போய்விட்டால் மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம்.

வேதியியல் வேறு மாதிரி. 90 நிமிடத்தில் சுமார் 75 கேள்வி. தனிம அட்டவணை கொடுக்கிறார்கள். மோல் கணக்கு, சமநிலை, அமிலம் காரம், வெப்ப இயக்கவியல் என்று பரப்பு பெரிது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். +2 முடித்துப் பல வருடம் ஆனவர்கள் இதைக் கால்குலஸை விடக் கடினமாகவே உணர்வார்கள்.

தேறினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்தத் தேர்வில் செய்முறை கிடையாது. என் கல்லூரி பாடத்துக்கு மட்டும் கிரெடிட் போட்டுவிட்டு, ஆய்வக வகுப்பைத் தனியாக எடுக்கச் சொன்னது. அதை எடுத்தேன், பிப்பெட்டும் பியூரெட்டும் மறுபடி கையில் வந்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் இதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவப் படிப்புக்குப் போக நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: பல மருத்துவக் கல்லூரிகள் அறிவியல் பாடங்களுக்கு கிளெப்பை ஏற்பதில்லை. இயற்பியலுக்கு இந்தத் தேர்வே கிடையாது.

எனவே முதலில் உங்கள் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்தத் தேர்வை ஏற்கிறார்கள், எத்தனை மதிப்பெண் வேண்டும், எந்த வகுப்புக்குப் பதிலாக வைப்பார்கள், மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போகிறீர்களா? அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் புதிதாகத்தான் பரிசீலிப்பார்கள்.

அப்புறம், சேரும்போது பல கல்லூரிகள் அலெக்ஸ் என்று ஒரு கணக்குத் தேர்வு வைக்கும். அது எந்த வகுப்பில் உட்காரலாம் என்று சொல்வதற்கானது. அதில் நன்றாக எழுதினால் அடிப்படை வகுப்புகளைத் தாண்டலாம், கிரெடிட் சேராது. கால்குலஸ் நன்றாக மறந்திருந்தால் அலெக்ஸ் எழுதி நேராகக் கால்குலஸ் வகுப்பிலேயே சேருங்கள். நினைவிருந்தால் கிளெப்.