ஆங்கிலம் பேசிப் பழக எங்கே போகலாம்: நூலக வட்டமா, டோஸ்ட்மாஸ்டர்ஸா, கர்லிங் கிளப்பா?

டொரொண்டோவுக்கு வந்து இறங்கும் நம் ஆட்களில் பலர் ஐஇஎல்டிஎஸ் எழுதி நல்ல மதிப்பெண்ணோடு வருகிறார்கள். பிழையில்லாமல் மின்னஞ்சல் எழுதுவார்கள், மீட்டிங்கில் தங்கள் வேலையைப் பற்றிக் கேட்டால் விளக்கிவிடுவார்கள். சிக்கல் மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு அறையில் வருகிறது. நான்கு பேர் நேற்றைய ஹாக்கி ஆட்டத்தைப் பேசிச் சிரிக்கிறார்கள். சொற்களெல்லாம் தெரிந்தவைதான், ஆனால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது பிடிபடுவதில்லை. டப்பாவைத் திறந்து முறுக்கை நீட்டினால், எதிரில் இருப்பவர் "ஐம் குட்" என்கிறார். இங்கே 'வேண்டாம்' என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை.

டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறி ஏழு வருடம் ஆகிறது. இங்கே கிடைக்கும் வழிகள் ஒவ்வொன்றிலும் சில மாதங்களாவது இருந்து பார்த்திருக்கிறேன். புதிதாக வரும் அக்காக்களும் தம்பிகளும் "எங்கே போனால் பேச்சு வரும்?" என்று கேட்கும்போது, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். நான் பார்ப்பது மூன்று விஷயங்கள்தான். வாரத்தில் எத்தனை நிமிடம் நம் வாய் திறக்கிறது, யாரோடு பேசுகிறோம், அடுத்த வாரமும் அதே ஆள் எதிரில் இருப்பாரா.

வாய் திறக்கும் நிமிடங்களை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1980களில் இதே டொரொண்டோவில் மெரில் ஸ்வெயின் என்ற ஆய்வாளர், பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே படித்துவந்த ஆங்கிலக் குழந்தைகளைக் கவனித்தார். வருடக்கணக்கில் பிரெஞ்சு கேட்டதால் புரிந்துகொள்வதில் நன்றாக இருந்தார்கள். பேச்சும் எழுத்தும் அந்த அளவுக்கு வளரவில்லை. பேச வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் தனக்கு எந்தச் சொல் தெரியவில்லை என்பது ஒருவருக்குத் தெரிகிறது என்று எழுதினார். தமிழ்நாட்டில் பன்னிரண்டு வருடம் ஆங்கில மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வந்து தடுமாறும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

லிங்க் வகுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 1992 முதல் நடத்தும் இலவச மொழி வகுப்பு அது. நிரந்தர வாசிகளுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் கிடைக்கும், குடியுரிமை பெற்றவர்களுக்குக் கிடையாது. 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் குடியுரிமைக்குப் பேச்சிலும் கேட்பதிலும் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) நான்காம் நிலையைக் காட்ட வேண்டும் என்பதால், அடிப்படையிலிருந்து தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஊரிலிருந்து வந்த அம்மா, அத்தை, மாமியார் யாராக இருந்தாலும் முதலில் இங்கேதான் அனுப்புவேன். ஆனால் ஏற்கெனவே ஓரளவு பேசுபவருக்கு இது இன்னொரு பள்ளிக்கூடம்தான்.

அடுத்தது நூலகத்தின் ஆங்கில உரையாடல் வட்டம். டொரொண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். பல கிளைகளில் இந்த வட்டம் இலவசமாக நடக்கிறது, நாளும் நேரமும் கிளைக்குக் கிளை மாறும். வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம். நடத்துபவர் ஒரு தலைப்பு கொடுப்பார்: வாடகை வீடு, குளிர்காலம், பிடித்த சாப்பாடு. யாரும் சிரிக்க மாட்டார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். ஒரு சொல் வராமல் நின்றால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். முதல் ஆறு மாதம் எனக்குத் தைரியம் கொடுத்தது அந்த வட்டம்தான், அந்த நன்றி இன்றும் இருக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் ஆளுக்கு ஏழெட்டு நிமிடம்தான் வரும். அந்தப் பன்னிரண்டில் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் பெரும்பாலும் நடத்துபவர் ஒருவர்தான். மற்றவர்கள் மாண்டரின், ஃபார்சி, டகாலோக், அரபு பேசும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். இந்த நகரத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்பதால், அந்த உச்சரிப்புகளும் காதுக்குப் பழக வேண்டியவைதான். ஆனால் அங்கே எல்லோரும் ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொல்கிறோம். தமிழில் ஒவ்வோர் அசைக்கும் அதற்குரிய இடம் உண்டு. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை மட்டும் தலைதூக்கும், மற்றவை நசுங்கிப்போகும். "வாட் ஆர் யூ கோயிங் டு டூ" என்பது இங்கே பிறந்தவர் வாயில் "வாச்சகொன டூ" என்று வரும். நூலக வட்டத்தில் எத்தனை மாதம் உட்கார்ந்தாலும் இந்த நசுங்கலுக்குக் காது பழகவில்லை.

இன்னொன்று, ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். "எந்த நாடு, வந்து எத்தனை வருடம், என்ன வேலை" என்று ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்குவோம். அறிமுகம் செய்துகொள்வதில் கெட்டிக்காரர் ஆகிவிடலாம், அதற்கு அடுத்த வாக்கியத்துக்குத்தான் பழக்கம் வராது.

மேடைப் பேச்சு பழகும் கிளப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸ் சென்னையிலேயே பலருக்குப் பழக்கம். 1924இல் ரால்ஃப் ஸ்மெட்லி கலிபோர்னியாவின் சான்டா அனாவில் ஒய்எம்சிஏ கட்டடத்தில் தொடங்கியது. தயாரித்துப் பேசும் உரைக்கு வழக்கமாக ஐந்து முதல் ஏழு நிமிடம். அங்கேயே கொடுக்கும் தலைப்புக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு காட்டுவார்கள். 'ஆ', 'உம்' என்று இழுப்பதை எண்ணுவதற்கே ஒருவர் இருப்பார். நம்மில் பலர் மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை போடும் 'ஆக்சுவலி', 'பேசிக்கலி'யும் அவர் கணக்கில் விழும். அந்தக் கணக்கு எனக்கு உண்மையிலேயே உதவியது. வேலை நேர்காணல் வரப்போகிறது, அல்லது டீம் லீடாகப் பதவி உயர்வு வருகிறது என்றால் தயங்காமல் இதில் சேருங்கள். விருந்தினராகப் போய்ப் பார்ப்பது இலவசம், சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தா.

ஆனால் அங்கே பழகுவது உரை. இரண்டு நிமிடம் யாரும் குறுக்கிட மாட்டார்கள், முடித்ததும் கைதட்டுவார்கள். சாப்பாட்டு அறையில் அந்த இரண்டு நிமிடத்தை யாரும் நமக்கு ஒதுக்கித் தருவதில்லை. ஒருவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நுழைய வேண்டும், பாதியில் வெட்டினால் விட்டுக்கொடுக்க வேண்டும், பேச்சு வேறு பக்கம் போனால் கூடவே திரும்ப வேண்டும். அது வேறு பயிற்சி.

டாண்டெம், ஹலோடாக் போன்ற செயலிகள் பண்டமாற்று முறையில் ஓடுகின்றன: நீ உன் மொழியைக் கற்றுக்கொடு, நான் என் மொழியைக் கற்றுத் தருகிறேன். ஸ்பானியமோ ஜப்பானியமோ பேசுபவருக்கு அங்கே உடனே ஆள் கிடைக்கும். தமிழ் கற்க விரும்பும் ஆங்கிலேயரையோ கனடியரையோ தேடி நான் காத்திருந்தது அதிகம், பேசியது குறைவு. கேம்ப்ளி போல பணம் கட்டிப் பேசும் செயலியில் ஆள் நிச்சயம் உண்டு. வாய் திறக்கவே கூச்சப்படுபவருக்கு அது நல்ல முதல் படி. ஆனால் எதிரில் இருப்பவர் நம்மைப் புரிந்துகொள்ளவே சம்பளம் வாங்குகிறார் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது கர்லிங் கிளப். ஆங்கிலம் கற்பதற்கும் பனித்தளத்தில் கல் தள்ளுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் ஆங்கிலத்தைச் சாப்பாட்டு அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உடன் வேலை பார்க்கும் ஒருவர், அணியில் ஒரு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார். அணிக்கு நான்கு பேர். ஏறத்தாழ இருபது கிலோ எடையுள்ள கருங்கல்லைப் பனியில் வழுக்கிவிட வேண்டும், இரண்டு பேர் அதற்கு முன்னால் தளத்தைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள், 'ஸ்கிப்' எனப்படும் தலைவர் மறுமுனையிலிருந்து கத்துவார். ஆட்டத்துக்குத் தேவையான ஆங்கிலம் ஒரு கைப்பிடிச் சொற்கள்தான், ஒரே மாலையில் வந்துவிடும். கத்தித்தான் ஆக வேண்டும் என்பதால் குரலை உயர்த்திப் பேசும் கூச்சமும் போய்விடுகிறது.

உண்மையான பயிற்சி ஆட்டம் முடிந்த பிறகு. கை குலுக்கிவிட்டு நேரே வீட்டுக்குப் போவது இந்த விளையாட்டில் மரியாதை இல்லை. இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்காரும், ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் சுற்றுப் பானம் வாங்கித் தருவார்கள். பழைய வழக்கம் இது, 'ப்ரூம்ஸ்டாக்கிங்' என்பார்கள். குடிக்காதவர்கள் காபியோ ஜிஞ்சர் ஏலோ வாங்கிக்கொள்ளலாம். நான் அப்படித்தான், ஒருநாளும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எட்டுப் பேர், ஒரு மேசை, முக்கால் மணி நேரம். பேச்சு 401 நெடுஞ்சாலை நெரிசல், ஒழுகும் கூரை, 1967க்குப் பிறகு கோப்பையே வாங்காத டொரொண்டோ ஹாக்கி அணி மேப்பிள் லீஃப்ஸ் என்று போகும். முதல் மாதம் பாதிதான் புரிந்தது. ஆனால் அடுத்த செவ்வாயும் அதே முகங்கள். "உன் பெண்ணின் நீச்சல் தேர்வு என்ன ஆயிற்று?" என்று ஒருவர் கேட்டபோது, அறிமுக வாக்கியங்களைத் தாண்டிய பேச்சு எனக்கு முதல்முறையாகக் கிடைத்தது. போன வாரம் சொன்னதை இந்த வாரம் தொடர்வதற்கு இறந்தகாலமும் எதிர்காலமும் தானாகவே வாயில் வந்து விழ வேண்டியிருந்தது.

எங்கள் ஸ்கிப்புக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இரண்டு மாதம் ஆனது. நூலகத்தில் நடத்துபவரை 'டீச்சர்' என்றே ஓட்டிவிடலாம். இங்கே 'சார்' என்று சொன்னால் அவர் முகம் கொஞ்சம் வாடும், தன்னைத் தள்ளி நிறுத்துவதாக நினைப்பார். பெரியவரைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே குரலில் மரியாதையை வைத்துக்கொள்ள அந்த மேசையில்தான் பழகினேன்.

கர்லிங்குக்கும் குறைகள் உண்டு. ஒரு பருவத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். புதிதாக வந்து வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கு அது பெரிய தொகை. அவர்களுக்கு நூலகப் பின்னல் குழு, சமூகத் தோட்டம், காலை நடைக்குழு எதுவாக இருந்தாலும் சரி. கை ஒரு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், ஆட்கள் மாறாமல் இருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் பனியில் இறங்குமுன் யோசிக்க வேண்டும். முக்கியமான குறை வேறு: இங்கே யாரும் நம் தவறைத் திருத்த மாட்டார்கள். அது அவர்களின் நாகரிகம். அதனால் பிழை அப்படியே உறைந்துபோகும். நான் பல மாதம் ஒரே தவறான வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன், மற்ற ஏழு பேரும் புன்னகையோடு கேட்டுக்கொண்டார்கள்.

அதனால் நூலக வட்டத்தை நான் விடவில்லை. செவ்வாயன்று மேசையில் புரியாமல் போனதைப் போனில் குறித்துக்கொள்வேன், வியாழனன்று நூலகத்தில் கேட்பேன். 'கிவ் மீ எ ஷவுட்' என்றால் கத்தச் சொல்லவில்லை, போன் பண்ணு என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

யாருக்கு எது? ஆங்கிலமே புதிது என்றால் லிங்க். படித்திருக்கிறோம், ஆனால் வாய் நடுங்குகிறது என்றால் நூலகம். மேடையோ நேர்காணலோ முன்னால் இருந்தால் டோஸ்ட்மாஸ்டர்ஸ். வேலை கிடைத்து ஒரு வருடம் ஆகியும் மதிய நேரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்றால், ஆங்கிலம் கற்றுத்தராத ஒரு கிளப்பில் சேருங்கள். நூலக வட்டத்தின் மேல் எனக்கு நன்றி இருந்தாலும், ஒரு வருடத்துக்கு மேல் அங்கே மட்டும் இருப்பது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

கர்லிங் பருவம் அக்டோபர் வாக்கில் தொடங்கும், புதியவர்களுக்கான அறிமுக நாட்களும் அதை ஒட்டியே வரும். குனிந்து நிமிர வசதியான பேன்ட், மெல்லிய கையுறை, வெளியே போட்டு நடக்காத சுத்தமான ரப்பர் அடிக் காலணி போதும். கல்லும் துடைப்பமும் அவர்களே தருவார்கள். ஆட்டம் முடிந்ததும் கோட்டை எடுத்து மாட்டிவிடாதீர்கள், மேசைக்கு வாருங்கள்.