கரண்ட் பில் பாதியாகும்னு காத்துப்பெட்டி விக்கிறாங்க, லாட்ஜ் மண்டபம் வச்சிருக்கவங்க உஷார்

கும்பகோணத்துல மாமா லாட்ஜ், கணக்கு வழக்கு நான் பாக்குறேன். 2028 மகாமகம் வருதுல்ல, அதுக்குள்ள ரூமெல்லாம் புதுசு பண்ணிடணும்னு எங்கள மாதிரி ஆளுங்க இறங்கியிருக்கறத மோப்பம் புடிச்சு ஒரு பார்ட்டி சுத்திக்கிட்டு இருக்கு. ஈஆர்வின்னு ஒரு மெஷினாம், வெளிய தள்ற ஏசி காத்தோட குளிர்ச்சிய புடிச்சு உள்ள வர்ற புதுக்காத்துக்குக் குடுத்துடுமாம், கரண்ட் பில் பாதியாயிடுமாம். மாமா அட்வான்ஸ் குடுத்துட்டாங்க.

மெஷின் பொய்யில்ல. பெரிய ஓட்டல்ல வெளிக்காத்த நாள் பூரா இழுத்துக் குளிர வச்சுத்தான் ரூமுக்கு அனுப்புறாங்க, அங்க மிச்சம் நெசமாவே உண்டு. நம்ம லாட்ஜுல இருக்கறது ஸ்பிளிட் ஏசி, ரூம் காத்தையே சுத்திச் சுத்தி குளிர வைக்குது, கதவு இடுக்குல வர்றதுதான் வெளிக்காத்து, இதுல எதை மிச்சம் புடிக்கறது? புதுசா வெளிக்காத்த உள்ள விட்டா ஏசிக்கு லோடு கூடும், பெட்டிக்குள்ள ரெண்டு ஃபேன் ஓடுற கரண்ட் வேற. ரூம்ல புழுக்க வாடை போகும்னு சொல்லி வித்திருந்தா நானே வாங்கலாம்னு சொல்லியிருப்பேன், பில் குறையும்னு சொன்னான் பாருங்க அதுதான் ஏமாத்து.

அடுத்த கூத்து, கேட்டலாக்ல காட்டினது சிலிக்கா ஜெல் பூசின சக்கரம், சூட்டோட ஈரத்தையும் சேத்து மாத்தும். வந்து இறங்கினது வெறும் அலுமினியத் தகடு, சூட்ட மட்டும்தான் மாத்தும், ஈரம் அப்படியே உள்ள வரும். நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல வெயிலா பிரச்சனை, ஈரம்தானே! பெட்ஷீட் நசநசங்குது, செவுரு ஓதம் அடிக்குது. கேட்டா "உங்க ஊரு ஹ்யூமிடிட்டி அப்படி சார்"ங்கறான், விக்கறப்ப காவிரி வேற ஊர்லயா ஓடுச்சு?

கிச்சன் எக்ஸாஸ்டையும் ரூம் காத்து வெளிய போற அதே டக்ட்ல (காத்துக் குழாய்ல) சேத்துட்டானுங்க, அது செய்யவே கூடாத வேலை, எண்ணெய்ப் பிசுக்கு தகட்டுல ஏறி அடைச்சிடும். காத்து இழுக்குற வாயும் தள்ளுற வாயும் பக்கத்து பக்கத்துல, அதனால விடிகாலைல ஏசி ரூம்ல சாம்பார் தாளிக்கிற வாசனை.

எங்க ஏசி மெக்கானிக் அண்ணன் ஒரு தெர்மாமீட்டர வச்சே குட்ட ஒடச்சாப்ல. வெளிய 35 டிகிரி, ரூம்லேர்ந்து போற காத்து 25, பெட்டி தாண்டி உள்ள வர்ற காத்து 33. பத்து டிகிரி வித்தியாசத்துல ரெண்டுதான் குறைஞ்சிருக்கு, 20 சதவீதம். வித்தவன் சொன்னது 75 சதவீதம், அப்படின்னா 27.5ல வந்திருக்கணும். யாராவது மாட்டிக்கிட்டிருந்தா மத்தியானம் வெயில்ல இத அளந்து பாருங்க, வாங்கப் போறவங்க சூட்ட எவ்வளவு சதவீதம் மாத்தும், ஈரத்த எவ்வளவு மாத்தும்னு தனித்தனியா பில்லுலயே எழுதி வாங்கிட்டு, அளந்து பாத்தப்புறம் பாக்கிக் காசக் குடுங்க. எங்க பில்லுல "வென்டிலேஷன் யூனிட்"னு மட்டும்தான் இருக்கு, மாடல் நம்பரே இல்ல.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சுப் பாக்கலாம், ஆனா வியாபாரத்துக்கு வாங்கினத 2019 நுகர்வோர் சட்டம் பொதுவா சேத்துக்காது, அதனால வக்கீல்ட்ட பேசிக்கிட்டிருக்கோம். பாக்கி கேட்டு ஆள் வந்துச்சு, மாடல் நம்பரோட பில்லு குடு தர்றோம்னு மாமா சொல்லி அனுப்பினாங்க, அதுக்கப்புறம் போனே எடுக்கல.

உங்கள்ட்ட இதே மாதிரி கொட்டேஷன் வந்திருந்தா இன்பாக்ஸ்ல அனுப்புங்க, ஒப்பிட்டுப் பாக்கணும்.