அறைக்கு வரும் தட்டா, பஃபேயா, பந்தியா? முதியோர் இல்லச் சாப்பாடு

அத்தைக்கு 78 வயது. இனித் தனியாக இருக்க முடியாது என்று அவரே சொன்ன பிறகு, கோவைப் பக்கம் சில முதியோர் இல்லங்களைப் போய்ப் பார்த்தோம். எல்லா இடத்திலும் அறையையும் நர்ஸையும் ஆம்புலன்ஸையும் காட்டினார்கள். அத்தை கேட்டதெல்லாம், "ரசம் சூடா இருக்குமா?" என்பதுதான். சரி, அதையே பிடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போக ஆரம்பித்தோம்.

முதல் இடத்தில் சாப்பாடு அறைக்கே வரும். குழி குழியாகப் பிரித்த எவர்சில்வர் தட்டில் சாதம், சாம்பார், கூட்டு, மோர் எல்லாம் அளந்து வைத்திருப்பார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அளவு தவறாது, யார் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பதும் தெரியும். ஆனால் நன்றாக நடமாடுகிறவர்களுக்கும் அங்கே அதே தட்டுதான். கீழ்த்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் ரசம் ஆறிவிடுகிறது. இன்னொரு கரண்டி வேண்டுமென்றால் மணி அடிக்க வேண்டும். கூச்சமாக இருப்பதால் கேட்பதே இல்லை என்றார் ஒரு பாட்டி.

பஃபே வைத்திருக்கும் இடம் பார்க்க அழகு. இரண்டு பொரியல், சப்பாத்தி, பழம், எல்லாம் சுடச்சுட. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அந்த 'யாரும் கேட்கமாட்டார்கள்' என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் தட்டு என்று நிற்பவர் கொதிக்கும் சாம்பாரை எப்படி ஊற்றிக்கொள்வார்? கை நடுங்குகிறவர்கள் தயிர்சாதத்தை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவதைப் பார்த்தேன். வயது வந்தவர்களுக்குப் பொதுவாக நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். முதியவர்களுக்குக் குறைந்தது 1 கிராமாவது வேண்டும் என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். 50 கிலோ எடை என்றால் நாளுக்கு 50 கிராம். பருப்பு, சுண்டல், முட்டை என்று யாராவது எடுத்துப் போட்டால்தான் அந்தக் கணக்கு நிறையும்.

மூன்றாவது, பந்தி. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார, வாளியும் கரண்டியுமாக ஒருவர் வரிசையாக வந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டுப் பரிமாறுகிறார். நெதர்லாந்தில் 5 முதியோர் இல்லங்களில் 178 பேரை வைத்து 6 மாதம் நடத்திய ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குத் தட்டில் போட்டே கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வீட்டில் போல மேசைமீது பாத்திரங்களை வைத்து, சேர்ந்து சாப்பிடச் செய்தார்கள். முடிவில் இரண்டு பிரிவுக்கும் எடையில் சுமார் ஒன்றரைக் கிலோ வித்தியாசம், சேர்ந்து சாப்பிட்டவர்களுக்குச் சாதகமாக. பந்தியில் வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் இதற்கு ஆள் அதிகம் வேண்டும், மாதக் கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

ஒன்றை மட்டும் எந்த முறையானாலும் பார்த்துவிடுங்கள். பல் இல்லாதவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் என்ன தருகிறார்கள்? ஓரிடத்தில் சாதம், சாம்பார், பொரியல் மூன்றையும் மிக்ஸியில் ஒன்றாக அடித்துக் கொடுத்ததைப் பார்த்தேன். நிறமும் தெரியவில்லை, எது என்ன என்றும் தெரியவில்லை. கேரட்டைத் தனியாக, பருப்பைத் தனியாக மசித்துக் கொடுக்க ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அறுபது எழுபது வருடம் ருசித்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

அத்தைக்குப் பந்தி இல்லத்தைத்தான் முடிவு செய்தோம். அங்கேயும் குறை உண்டு. இரவுச் சாப்பாடு 6:45க்கே முடிந்துவிடுகிறது, அப்புறம் காலை டிபன் 8 மணிக்குத்தான். பதின்மூன்று மணி நேரம் வெறும் வயிறு என்று எடுத்துச் சொன்னோம். இரவு 9 மணிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் தரச் சம்மதித்தார்கள், அத்தைக்கு மட்டுமல்லாமல் அந்தத் தளத்தில் இருக்கும் எல்லோருக்கும்.