கேம் எண்டு சொல்லி வேற ஆரோட பாஸ்வேர்ட வித்த கடை: மட்டக்களப்பு ஆக்கள் கவனம்

மட்டக்களப்பு டவுனுக்குள்ள பாவிச்ச கொம்பியூட்டர் வாங்கி, அதோட சேர்த்து "ஒரிஜினல் கேம் போட்டுத் தாறம்" எண்டு சொல்ற கடைக்குக் காசு குடுக்கப் போறாக்கள் ஒருக்கா இத வாசிச்சிட்டுப் போங்க. கடைட பேர் போட மாட்டன், போட்டா மறுகா என்னத்தான் பொலிஸுக்கு இழுப்பாங்கள், எனக்கு அதுக்கு நேரமும் இல்ல. ஆனா நடந்தத ஒண்டும் விடாம சொல்றன், ஏனெண்டா நான் ஆபீஸ்ல இதக் கதைச்ச நேரம் கல்முனையில இருந்து வாற புள்ளையும் ஏறாவூர்ல இருந்து வாற நானாவும் "எங்கட ஊட்டயும் இதே கததான்" எண்டு சொன்னாங்க, அப்ப இது ஒரு கடையோட நிக்கிற வேலை இல்ல.

தம்பி ஓ.எல் சோதின எழுதி முடிச்சவன். படிக்கிற நேரம் கொம்பியூட்டர் கேட்டு அரிச்சவனுக்கு "சோதின முடியட்டும்" எண்டு சொல்லிச் சொல்லி வச்சிருந்த, முடிஞ்ச உடன வாங்கிக் குடுக்கத்தானே வேணும். பாவிச்ச மெஷின், 135,000 ரூபா, அதுல எனக்குப் பெருசாக் குறை இல்ல, அது ஓடுது. பிரச்சின கேம்லதான்.

அவன் கேட்டது பெரிய கேம் நாலு. ஸ்டீம் எண்டா கொம்பியூட்டர் கேம் விக்கிற ஒன்லைன் கடை, அதுல நம்மட நாட்டுக்கு விலை ரூபாயில காட்டாது, டொலர்லதான் காட்டும், வெளிநாட்டுக்கு ஒன்லைன்ல காசு கட்டுற மாதிரி திறந்து விட்ட காட் வேணும், என்ட பேங்க் காட்ட அதுக்குத் திறக்கிறதெண்டா ஃபோர்ம் நிரப்பி அலையோணும். இந்த இடத்தாலதான் கடைக்காரர் உள்ளுக்கு வாறார். "மிஸ், நீங்க டொலருக்கெல்லாம் அலைய வேணாம், கேம் ஒண்டு 3,500, ஒரிஜினல், லைஃப் டைம், அப்டேட்டும் வரும்" எண்டார். நான் கேட்டன் "அண்ணன், ஸ்டீம்ல 60 டொலர் போட்டிருக்கிற கேம் உங்கக்கிட்ட என்னண்டு 3,500க்கு வருது?" எண்டு. "நாங்க மொத்தமா எடுக்கிறம் மிஸ், அதான் குறைச்சுக் குடுக்க ஏலும்" எண்டு சிரிச்சிக்கிட்டே சொன்னார். நாலு கேமுக்கு 14,000, சட்டுப்புட்டெண்டு வாங்கி லாச்சிக்குள்ள போட்டுட்டார். மேலதிகமா பழைய கேம் இருபது "ஃப்ரீயா".

இன்ஸ்டோல் பண்ணின பொடியன் செய்த வேலைய நான் பக்கத்துல நிண்டு பாத்தன். ஸ்டீமத் திறந்தான், பேர் அடிச்சான், பாஸ்வேர்ட் அடிக்கிற நேரம் இடக்கையால கீபோர்ட மறைச்சான், ஏ.டி.எம்ல நாம மறைக்கிற மாதிரியேதான். தம்பி கேட்டான் "அண்ணன் எனக்கு எக்கவுண்ட் இருக்கே, அதுக்குள்ள போட ஏலாதா?" எண்டு. "அது சரி வராது தம்பி, இது கடை எக்கவுண்ட்" எண்டான். கேம் ஒவ்வொண்டையும் ஒருக்கா நெட்டோட திறந்து, மூடி, மறுகா ஸ்டீம ஓஃப்லைனுக்கு மாத்தினான். மூண்டாவது கேமுக்கு வந்த உடன ஏதோ பிழை எண்டு ஸ்கிரீன்ல விழுந்திச்சி. "இண்டைக்கு டோக்கன் முடிஞ்சி மிஸ், நாளைக்குக் கொண்டாங்க" எண்டான். ஆஸ்பத்திரியில நம்பர் குடுக்கிறது மாதிரி ஏதோ கடைட ஒழுங்காக்கும் எண்டு நினைச்சன். கடைசியா கொம்பியூட்டர்ட பெட்டியில மஞ்சள் ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டினான்: "ஸ்டீம் ஒன்லைன் போட வேண்டாம். போட்டால் வாரண்டி இல்லை." காசு குடுத்து வாங்கின சாமானுக்கு இப்பிடி ஒரு ஸ்டிக்கர் கண்டிருக்கிறீங்களா?

இப்ப விசயம் என்னெண்டு சொல்றன், கவனமா வாசிங்க. ஆரோ ஒருத்தர் ஒரு ஸ்டீம் எக்கவுண்ட்ல அந்தக் கேம காசு குடுத்து வாங்கிறார். அந்தப் பேரையும் பாஸ்வேர்டையும் கடைக்காரருக்கு விக்கிறார், கடைக்காரர் அதே எக்கவுண்டால வாற ஆக்கள் எல்லார்ட கொம்பியூட்டருக்கும் உள்ளுக்குப் போய் கேம இறக்கி, ஓஃப்லைன்ல விட்டுட்டு வெளிய வாறார். ஒரே மாட்ட ஊர் முழுக்க வித்த கததான். ஸ்டீம்ட ஒப்பந்தத்துலயே எக்கவுண்ட விக்கவும் ஏலா, மத்தாக்களுக்கு மாத்திக் குடுக்கவும் ஏலா எண்டுதான் இருக்கு, அதால என்னைக்காவது பிடிபட்டா எக்கவுண்ட் பூட்டுப்படும், நாம போய் "என்ட கேம்" எண்டு கேக்கிறதுக்கு நம்மட பேர்ல அங்க ஒரு துண்டுகூட இல்ல.

அந்த டோக்கன் கதையும் மறுகாதான் விளங்கிச்சி. பெரிய கேம் நிறையத்துல டெனுவோ எண்ட கொப்பிப் பாதுகாப்பு ஒண்டு இருக்கு. முதல்தரம் கேம் திறக்கிற நேரம் அது நெட்டால போய் இந்த மெஷினுக்கு எண்டு அனுமதி எடுக்கும், அந்த அனுமதியத்தான் பொடியன் டோக்கன் எண்டவன், அது மெஷின்ட உறுப்புகளோட கட்டுப்பட்டது. ஒரு எக்கவுண்ட்ல ஒரு கேமுக்கு 24 மணித்தியாலத்துக்குள்ள 5 வேற வேற மெஷினுக்கு மேல குடுக்காது. அப்ப அண்டைக்கு அதே எக்கவுண்டால எனக்கு முதல் எத்தின பேர் ஊட்ட போயிருக்கும் எண்டு நீங்களே பாருங்க. மொத்தமா எடுக்கிறமாம்!

கொஞ்ச நாள் ஓடினதென்டது உண்மைதான். தம்பி அதுல ஒரு வாள்வீரன் கேமுக்குள்ள இருந்தான், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் ஒழும்ப மாட்டான், அவன்ட வீரனுக்குப் பேர் "வாவி ராசா", குதிரை எல்லாம் வாங்கி, பெரிய கவசம் எல்லாம் போட்டு ஆள் ஒரு நிலைக்கு வந்திருந்தார். ஒரு நாள் கரண்ட் போய் வந்திச்சி, கொம்பியூட்டரத் திரும்பப் போட்ட நேரம் ஸ்டீம் தன்ட பாட்டுல ஒன்லைனுக்குப் போயிட்டு. போன உடன ஆரோ ஒருத்தன் நமக்கு விளங்காத பாஷையில மெசேஜ் போடுறான். மறுகா கேமத் திறந்தா, இஞ்ச மெஷின்ல சேவ் ஆகிக் கிடக்கிற ஆட்டமும் அங்க கிளவுட்ல, அதாவது நெட்டுல ஸ்டீம்ட இடத்துல, சேவ் ஆகிக் கிடக்கிற ஆட்டமும் வித்தியாசம், எது வேணும் எண்டு கேள்வி வருது. அந்த எக்கவுண்ட்ல இருக்கிற எல்லாரும் ஒரே கிளவுட்லதான் சேவ் பண்ணுறாங்க, அது அவனுக்கு என்னண்டு தெரியும், புதுசா இருக்கிறத அமத்தினான். உள்ளுக்குப் போனா வாவி ராசா இல்ல. சீன எழுத்துல பேர் போட்ட ஒரு பொம்புள மொட்டத் தலையோட ஒரு குகைக்குள்ள நிக்கிறா. அவன் கத்தின சத்தத்துக்கு அம்மா குசினியில இருந்து கரண்டியோட ஓடி வந்து "என்ன மனே, கரண்ட் அடிச்சிட்டா?" எண்டு கேட்டா.

இப்ப சிரிப்பா இருக்கு. அண்டைக்கு அவன் சாப்பிடல்ல.

அதுக்கு அங்கால அந்த எக்கவுண்ட்ட பாஸ்வேர்ட ஆரோ மாத்திட்டாங்க, நாலு கேமும் போச்சி. கடைக்குப் போனா முதல் கேள்வியே "ஒன்லைன் போட்டீங்கதானே மிஸ்? ஸ்டிக்கர் ஒட்டித்தானே தந்த?" எண்டு. வேற எக்கவுண்ட்ல போட்டுத் தாறதுக்கு கேம் ஒண்டுக்கு இன்னும் 1,000 கேட்டார். லைஃப் டைம் எண்டு சொன்னீங்களே எண்டு கேட்டா "அது எக்கவுண்ட்ட லைஃப் டைம்" எண்டு வாய் கூசாமச் சொன்னார்.

ஃப்ரீயாத் தந்த இருபதுக்கும் வாறன், எனக்குக் கூடக் கோவம் வந்தது அதாலதான். அதுக்குள்ள 2009ல வந்த பேட்மேன் ஆர்க்கம் அசைலம் எண்ட கேம் கிடந்திச்சி. தம்பி ஆடுறான், ஒரு இடத்துல விஷப்புகை நிரம்பின அறைய மேலால பறந்து கடக்கோணும், பட்டன அமத்திப் பிடிச்சா பேட்மேன்ட போர்வை விரிஞ்சி மிதக்கோணும். இவன்ட பேட்மேன் போர்வைய விரிக்கிறார், மூடுறார், விரிக்கிறார், மூடுறார், பொத்தெண்டு விழுறார். எத்தினயோ தரம் விழுந்திட்டு கையில பிடிச்சி ஆடுற பட்டன் பெட்டி, அந்தக் கேம்பேடக் கடைக்குக் கொண்டு போனான். கடைக்காரர் அமத்திப் பாத்திட்டு "பட்டன் வேலை செய்யல்ல தம்பி, உள்ளுக்க பழுது" எண்டு புதுக் கேம்பேட் ஒண்ட 6,500க்கு வித்திருக்கார். புதுசுலயும் பேட்மேன் பொத்தெண்டுதான் விழுந்தார். கேம்பேட்ல ஒரு பழுதும் இல்ல! கேமச் செய்தாக்களே வேணுமெண்டு வச்ச பொறி அது, களவுக் கொப்பியா இருந்தா பறக்க விடாது. இது வெளிய வந்து பதினைஞ்சு வருசத்துக்கு மேல ஆன கதை, கேம் விக்கிற கடைக்காரருக்குத் தெரியாம இருக்குமா, எனக்கெண்டா சந்தேகம்தான்.

இப்பிடிப் பொறி நிறையக் கேம்ல இருக்கு எண்டு மறுகா தேடிப் பாத்தன். 2011ல வந்த சீரியஸ் சாம் 3ல களவுக் கொப்பிக்காரனச் சாகாத சிவப்புத் தேள் ஒண்டு ஓட ஓடத் துரத்தும். 2013ல கேம் டெவ் டைகூன் எண்டு கேம் கொம்பனி நடத்துற கேம் ஒண்டு, செய்தாக்களே ஒரு களவுக் கொப்பியத் தாங்களே வெளிய விட்டாங்க, அதுல என்னதான் நல்ல கேம் செய்தாலும் களவுக் கொப்பியால கொம்பனி நட்டப்பட்டு மூடுப்படும், அதக் களவா ஆடினவனே வந்து "இந்தக் களவ என்னண்டு நிப்பாட்டுற" எண்டு கேட்டிருக்கான். எனக்கு இது நல்லாப் பிடிச்சிருந்திச்சி.

ஆனா கொம்பனிக்காரன் நல்லவன் எண்டும் நான் சொல்ல வரல்ல. எங்கட மாமா கனடாவுல இருந்து அந்தக் காலம் கொண்டு வந்த ஒரிஜினல் டிஸ்க் ரெண்டு இண்டைக்கும் அலுமாரிக்குள்ள கிடக்கு, காசு குடுத்து வாங்கின சாமான், இந்த மெஷின்ல ஓடாது. ஏனெண்டா அதுல இருக்கிறது சேஃப்டிஸ்க் எண்ட பூட்டு, அதுக்கு வேணுமான டிரைவர் எண்ட புரோகிராம் பாதுகாப்பில்ல எண்டு மைக்ரோசொஃப்ட் 2015ல விண்டோஸ் 10 விட்ட நேரமே எடுத்திட்டாங்க. பூட்டு பழசாகினா வாங்கினவனும் வெளியதான் நிக்கோணும். 2008ல ஸ்போர் எண்ட கேம மூண்டு தரத்துக்கு மேல ஆக்டிவேட் பண்ண, அதாவது நெட்டால அனுமதி எடுத்துத் திறக்க, ஏலாது எண்டு வச்சி, சனம் கத்தினதுக்கு மறுகாதான் அஞ்சாக்கினாங்க. இப்ப ஸ்டீம்லயும் 2024 ஒக்டோபர்ல இருந்து காசு கட்டுற இடத்துல "நீங்க வாங்கிறது லைசென்ஸ்தான்" எண்டு ஒரு வரி போடுறாங்க. எல்லாம் சரி, ஆனா அந்த லைசென்ஸ் உங்கட பேர்லயாவது இருக்கும், பிடிக்காட்டி 14 நாளுக்குள்ள, 2 மணித்தியாலத்துக்குக் குறைவா ஆடியிருந்தா காசு திரும்ப வரும். கடைக்காரர் தந்ததுல அதுவும் இல்ல.

இன்னொண்டு. தம்பிட ஃபேஸ்புக்ல இருந்து ராத்திரி ராத்திரியா ஏதோ கிரிப்டோ விளம்பரம் போகத் தொடங்கிச்சி. ஆபீஸ்ல கொம்பியூட்டர் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரக் கூட்டி வந்து காட்டினன். அவர் முதல்ல திறந்தது விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள எக்ஸ்குளூஷன்ஸ் எண்ட இடம். அதுல சி டிரைவ் முழுசாப் போட்டிருந்திச்சி, அதாவது இந்த டிரைவுக்குள்ள என்ன வந்தாலும் தேடாத எண்டு வைரஸ் காவல்காரனுக்குச் சொல்லி வச்சிருக்கு. களவுக் கேம் போடுற நேரம் அது அழிச்சிடும் எண்டு கடைப் பொடியன் செய்த வேலை. அந்தக் கேமோட வந்த ஏதோ ஒண்டு பிரவுசர்ல கிடக்கிற லொகின சுருட்டிக் கொண்டு போயிருக்கும் எண்டார் அவர், அப்பிடிச் சுருட்டினா பாஸ்வேர்டே தேவயில்லயாம். மறுகா செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷனத் திறந்து காட்டினார். "உங்கட நிறுவனத்தின்ட ஆக்டிவேஷன் சேவையால ஆக்டிவேட் ஆகியிருக்கு" எண்டு இங்கிலீஷ்ல கிடக்கு. எங்கட ஊட்ட இருக்கிற ஒரே நிறுவனம் அம்மாட கோழிக்கூடுதான். அது பெரிய கொம்பனிகளுக்குக் குடுக்கிற விண்டோஸ் முறைய களவாப் பாவிக்கிறது, 180 நாளுக்கு ஒருக்கா புதுப்பிக்காட்டி செத்துப் போயிடும், அதால அதப் புதுப்பிக்கிற களவு புரோகிராம் ஒண்டும் உள்ளுக்கயே குந்தியிருக்கும். ஒரிஜினல் விண்டோஸ் எண்டு அதுக்கும் தனியா 5,000 எடுத்தவர் இவர். கடைசியா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத்தான் நிம்மதியா இருந்திச்சி.

வாங்கப் போறாக்கள் கடையில நிண்டே பாருங்க. ஆக்டிவேஷன் பக்கத்துல நிறுவனம் எண்டு இருக்கா, எக்ஸ்குளூஷன்ஸ்ல ஏதும் கிடக்கா, ரெண்டையும் அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்க, ரெண்டு நிமிசம் போகாது. கேம் எண்டா உங்கட சொந்த ஈமெயில்ல திறந்த எக்கவுண்டுக்குள்ள விழோணும், ஆரும் உங்களுக்கு முன்னால பாஸ்வேர்ட மறைச்சி அடிச்சா காசக் குடுக்காதீங்க. காட் இல்லாட்டி வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரர் ஆரிடமாவது சொல்லிப் பாருங்க, இல்லாட்டி காசில்லாத கேம் ஸ்டீம்லயே நிறையக் கிடக்கு, தம்பி இப்ப அதத்தான் ஆடுறான்.

மற்றது பில். எனக்குத் தந்த பில்ல "சிஸ்டம் 1" எண்டு மட்டும் கையால எழுதிக் கிடக்கு, கேம் பத்தி ஒரு சொல்லும் இல்ல, கேம்பேட் பில் மட்டும் ஒழுங்கா இருக்கு. நீங்க கேமையும் விண்டோஸையும் தனித்தனியா எழுதிக் கேளுங்க, எழுதித் தர மாட்டன் எண்டா விளங்கும்தானே. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சா முறைப்பாடு குடுக்கிற விதம் சொல்லுவாங்க, எழுத்துலதான் குடுக்கோணும், வாங்கி 3 மாசத்துக்குள்ள குடுக்கோணும். நான் அந்த 6,500 கேம்பேட் பில்லயும் மஞ்சள் ஸ்டிக்கர்ட படத்தையும் வச்சிக் குடுத்திருக்கன். இதே ஸ்டிக்கர் ஒட்டின மெஷின் ஆரிடமும் இருந்தா 3 மாசம் முடிய முதல் கெதியாச் சொல்லுங்க, நாலஞ்சு பேரா சேர்ந்து குடுத்தா அவர் "இந்த மிஸ்தான் ஒன்லைன் போட்டவ" எண்டு சொல்ல ஏலாது.