சளி இருமலுக்கு எந்த இலை: கற்பூரவல்லியா, தூதுவளையா, ஆடாதோடையா?

வீட்டில் யாராவது இரண்டு முறை இருமினால் போதும், ‘கற்பூரவல்லிச் சாறு கொடு’ என்பார் ஒருவர். ‘தூதுவளை ரசம் வை’ என்பார் இன்னொருவர். ஆடாதோடைக் கஷாயத்துக்கு ஈடே இல்லை என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். மூன்றுமே எங்கள் கொல்லையில் நிற்கின்றன. மூன்றையும் ஒரே மருந்துபோல எண்ணி, கைக்குக் கிடைத்ததைப் பறித்துப் போடுவதுதான் பிழை என்பது என் எண்ணம்.

எளிதில் கைக்கு வருவது கற்பூரவல்லி. ஒரு கொம்பைக் கிள்ளித் தொட்டியில் நட்டால் வேர் பிடித்துவிடும். தண்ணீர் அதிகமானால்தான் அழுகும். ஓமத்தின் வாசனை இதில் வருவதற்குக் காரணம் தைமால், கார்வக்ரால் என்ற எண்ணெய்ச் சத்துகள். தடித்த இலை என்பதால் தோசைக்கல்லில் லேசாக வாட்டிக் கசக்கினாலே சாறு இறங்கும். சில சொட்டுத் தேன் கலந்து கொடுக்கலாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு என்று சளி தொடங்கும் நேரத்துக்கு இது சரி. பஜ்ஜி ருசிதான், அதை மருந்துக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு வெளியே வராமல் இருமல் குடைந்தால் ஆடாதோடைப் பக்கம்தான் போக வேண்டும். ஆடு தொடாத அளவுக்குக் கசப்பு. பெயரும் அப்படி வந்ததுதான் என்பார்கள். வேலியோரம் தானாகவே செழித்து நிற்கும். ‘ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்’ என்று ஒரு வழக்கு உண்டு. இதிலுள்ள வாசிசின் என்ற சத்தை வைத்துத்தான் இன்று இருமல் சிரப்புகளில் இருக்கும் புரோம்ஹெக்சின், ஆம்ப்ராக்சால் ஆகியவற்றை உருவாக்கினார்கள். கெட்டிச் சளியை இளக்குவதுதான் அவற்றின் வேலை.

இந்த இலையைப் பச்சையாக இடித்தால் சாறு அவ்வளவாக வராது. இட்லிப் பானையில் பிட்டுபோல அவித்து, சூடாக இருக்கும்போதே துணியில் முறுக்கிப் பிழிய வேண்டும். கஷாயம் என்றால் நாலைந்து இலையை நறுக்கி, நாலைந்து மிளகு தட்டிப் போட்டு, நாலு பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றவைப்பது வழக்கம். இது கருப்பையைச் சுருங்கவைக்கும் இலை, அதனால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்குச் சித்த மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தூதுவளை. ஆனால் அதை மருந்து வரிசையில் வைக்க மாட்டேன், கீரை வரிசையில் வைப்பேன். கொடியிலும் முள், இலை நரம்பிலும் முள். கத்தரிக்கோலால் முள்ளை நறுக்கிவிட்டு, ஒரு கைப்பிடி இலையை நெய்யில் வதக்குங்கள். மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து அரைத்து ரசத்தில் கரைத்து ஒரு கொதியில் இறக்கினால் போதும். துவையலும் நன்றாக வரும். ஊறவைத்த அரிசியோடு அரைத்துத் தோசையும் வார்க்கலாம். சளி பிடித்த பிறகு தேடுவதைவிட, மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை சமைப்பதுதான் இதற்கு ஏற்ற வழி. கடையில் விற்கும் பொடியைவிடப் பச்சை இலைக்கே என் ஓட்டு.

2020இல் தமிழ்நாடு முழுக்க வீடு வீடாகப் போன கபசுரக் குடிநீரைப் பாருங்கள். அதன் 15 சரக்குகளில் ஆடாதோடையும் கற்பூரவல்லியும் உண்டு, தூதுவளை இல்லை. அதனால் தூதுவளையின் மதிப்பு குறைந்துவிடாது, அதன் இடம் சோற்றுத் தட்டு.

ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் கற்பூரவல்லி வையுங்கள். வேலி இருந்தால் ஆடாதோடை, கொடி ஏற ஒரு கம்பு இருந்தால் தூதுவளை. எதைக் கொடுத்தாலும் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, இலை பறிப்பதை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.