பிராட்பேண்ட் ரிப்பேருக்கு வந்தவர் ரூ.3,400 வாங்கிக்கொண்டு போன கதை. உஷார் மக்களே

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நெட் ரிப்பேர் என்று வந்தவர் மூவாயிரத்து நானூறு ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நெட்டும் வரவில்லை. கம்பெனி பேரைப் போடவில்லை, போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள். ஊர் ஊராக ஃபைபர் இழுத்துவிட்டு, ரிப்பேர் வேலையை உள்ளூர் கான்ட்ராக்ட் ஆட்கள் தலையில் கட்டும் பெரிய நிறுவனம். என்னென்ன பார்த்து உஷாராக இருக்கணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மதுரை கோ.புதூரில் வீடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நெட் இல்லாவிட்டால் அன்றைய வருமானம் போச்சு. ஃபைபர் வயர் வந்து சேரும் மோடம் பாக்ஸில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் லைட் சிவப்பாக மினுக்க ஆரம்பித்ததும் ஆப்பில் கம்ப்ளைன்ட் போட்டேன். மறுநாள் காலையிலேயே ஆள் வந்தார்.

பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கழுத்தில் ஐடி கார்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பிள்ளைங்க கிளாஸ் கெடக்கூடாதுக்கா, முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்றார். மோர் கொடுத்தேன். அவர் மகளும் பத்தாவதாம், கணக்குதான் வரமாட்டேங்குதாம். பாக்ஸிலிருந்து ஃபைபர் வயரை உருவி, கையிலிருந்த மீட்டரில் சொருகி, என்னைக் கூப்பிட்டே காட்டினார். மைனஸ் 29. (ஒளி எவ்வளவு வருகிறது என்று காட்டும் எண்ணாம், மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட ஒளி குறைவு.) "பாத்தீங்களா? பாக்ஸ் போச்சுக்கா. கம்பெனியில கேட்டா பத்து நாள் இழுப்பாங்க. என்கிட்ட புதுசு ஒண்ணு இருக்கு, 3,400."

மீட்டரைக் காட்டிப் பேசுகிறவரை எப்படி நம்பாமல் இருப்பது? அவர் சொந்த நம்பருக்கே ஜிபே பண்ணச் சொன்னார், பில் ஆப்பில் வந்துவிடுமாம். ஆபீசுக்குப் போன் போட்டுச் சீரியல் நம்பர் சொன்னார், பச்சை லைட் எரிந்தது. "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கக்கா, வேலை முடிஞ்சதுன்னு காட்டணும்." சொன்னேன். பழைய பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்கால வகுப்பின் நடுவில் மறுபடியும் சிவப்பு.

அவருக்கு அடித்தால், "வண்டி ஓட்டுறேன்க்கா, அப்புறம் கூப்பிடுறேன்." அப்புறம் எடுக்கவே இல்லை. கஸ்டமர் கேரில், "உங்க கம்ப்ளைன்ட் க்ளோஸ் ஆகிடுச்சு மேடம், ஓடிபி நீங்கதானே குடுத்திருக்கீங்க?" ரூ.3,400 பற்றிக் கேட்டால், "பேமென்ட் எதுவும் சிஸ்டத்துல காட்டலையே." உள்ளூர் ஆபீசில் இன்னும் ஒரு படி மேலே: "அவரு எங்க ஸ்டாஃபே இல்லம்மா, கான்ட்ராக்ட் ஆளு. பாக்ஸ் மாத்துனதே எங்களுக்குத் தெரியாது." சீரியல் நம்பரைச் சிஸ்டத்தில் ஏற்றாமல் பாக்ஸ் எப்படி வேலை செய்யும்? ஏற்றிக் கொடுத்தது யார், ஆவியா? இத்தனைக்கும் பாக்ஸ் கம்பெனிச் சொத்து, பழுதானால் இலவசமாக மாற்றித் தருவோம் என்று கனெக்‌ஷன் கொடுக்கும்போது சொன்னவர்களும் இவர்கள்தான்.

அந்தப் 'புது' பாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மார்க்கர் பேனாவால் "ஐயர்பங்களா, 2வது மாடி" என்று எழுதி, பாதி அழித்திருக்கிறது. வேறு யார் வீட்டிலோ கழற்றியது!

திரும்பக் கம்ப்ளைன்ட் போட்டு, சண்டை போட்டு, இன்னொரு பையன் வந்தான். பாக்ஸைத் தொடவே இல்லை. நேராக மொட்டை மாடிக்குப் போனான். பெயின்ட் அடித்தவர்கள் கறுப்பு வயரை ஓர் ஆணியில் இறுக்கி மடக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஃபைபரை அப்படி ஒடுக்கி மடக்கினால் ஒளி அந்த இடத்திலேயே கசிந்துவிடுமாம். கட்டை அவிழ்த்து, முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டான். மைனஸ் 19. அதாவது முன்னே வந்துகொண்டிருந்ததைப் போலப் பத்து மடங்கு ஒளி. பொதுவாக மைனஸ் 27க்குக் கீழே போனாலே பாக்ஸ் திணறுமாம். முதல் ஆள் வயரை இழுத்து ஆட்டியதில் மடிப்பு கொஞ்சம் தளர்ந்து, கொஞ்ச நேரம் பச்சை எரிந்திருக்கிறது, அவ்வளவுதான். பையன் காசு எதுவும் கேட்கவில்லை. "பழைய பாக்ஸ் நல்லாத்தான்க்கா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னான்.

இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. அவர் மீட்டரைச் சொருகியது வெளியிலிருந்து வருகிற வயரில். அந்த மைனஸ் 29க்கும் என் பாக்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது! கோளாறு லைனில் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். தெரிந்துதான் ரூ.3,400 கேட்டிருக்கிறார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வயரில் மீட்டர் வைத்து மைனஸ் 27, 28 என்று காட்டினால் முதலில் லைனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் கையில் காசு வேண்டாம், ஆப்பில் பில் வந்தால் மட்டும் கட்டுங்கள். பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள். ஓடிபியைச் சாயங்காலம் வரை கொடுக்காதீர்கள், கெஞ்சினாலும் சரி. நுகர்வோர் உதவி எண் 1915, நான் பதிந்துவிட்டேன். கோ.புதூர், ஐயர்பங்களா பக்கம் யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.