ஈகிள்ஸின் 'தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975': பல வருடம் ஓட்டித் தேய்த்த பிறகு

அமெரிக்க ராக் இசைக்குழுவான ஈகிள்ஸின் ஹிட் பாட்டுத் தொகுப்பு இது. முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடலாம். இதில் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' கிடையாது. இந்தத் தொகுப்பு 1976 பிப்ரவரியில் வந்தது. அந்தப் பாட்டோ அதே ஆண்டு டிசம்பரில்தான் வெளியானது. அதுதான் வேண்டும் என்றால் 2003-இல் வந்த இரண்டு சிடி தொகுப்பை வாங்குங்கள். இதில் இருப்பவை முதல் நான்கு ஆல்பங்களிலிருந்து பத்துப் பாட்டுகள், ஏறக்குறைய 43 நிமிடம். 'லையின் ஐஸ்' வானொலிக்காக வெட்டப்படாமல் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுசாக ஓடுகிறது. 'டெஸ்பெராடோ' சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வந்ததே இல்லை, ஆனாலும் ஹிட்ஸ் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்காக யாரும் சண்டைக்குப் போகப்போவதில்லை.

தொடர்ந்து கேட்டால் ஒன்று புரியும்: இது இரண்டு தயாரிப்பாளர்களின் சத்தம். ஆறு பாட்டு கிளின் ஜான்ஸ் செய்தவை. அக்கூஸ்டிக் கிதாரும் குரல் ஹார்மனியும் முன்னே நிற்கும், பேஸ் அடக்கம். மீதி நான்கு பில் சிம்சிக் கைவண்ணம். கிதாருக்குக் கனம் கூடும், பேஸ் உறுமும். கடைசியில் வரும் 'பெஸ்ட் ஆஃப் மை லவ்', தயாரிப்பாளர் நடுவில் மாறிய 1974 ஆல்பத்தில் இருந்தாலும் ஜான்ஸ் செய்த பாட்டு. அதே ஆல்பத்தின் 'ஆல்ரெடி கான்' சிம்சிக் செய்தது. அதனால் ஒலியைப் பாட்டுக்குப் பாட்டு திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் விட்டுவிடுங்கள்.

காரில் தொல்லை தருவது 'டெஸ்பெராடோ'. அதற்கு முன்னால் 'ஆல்ரெடி கான்' அதிரும்போது சத்தத்தைக் குறைத்திருப்பீர்கள். அடுத்து வரும் மெல்லிய பியானோ டயர் இரைச்சலில் காணாமல் போகும். கூட்டினால், பாட்டு பாதியில் டிரம்ஸும் வயலின் கூட்டமும் சேரும்போது மறுபடி குறைக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் செயலியில் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டாலும் இது தீராது. அது பாட்டுகளுக்கிடையே சமன் செய்யும். ஒரு பாட்டுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைத் தொடாது.

எல்பியில், அதாவது பெரிய இசைத்தட்டில், அதே பாட்டுக்கு இன்னொரு சோதனை. முதல் பக்கத்தின் ஐந்தாவது, கடைசிப் பாட்டு என்பதால் லேபிளை ஒட்டிய உள்வட்டத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. தடம் ஓடும், உள்ளே வரும்போது அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலி குறுகிய இடத்தில் நெருங்கிப் பதிவதால் ஊசி வளைவுகளைப் பின்தொடர முடியாமல் திணறும். 'ச', 'ஸ' ஒலிகள் எச்சில் தெறிப்பது போல இரையும். கூம்பு ஊசியில் இது அதிகம், நீள்வட்ட ஊசியில் குறைவு. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தை அளவுத்தகடு வைத்துச் சரிபார்த்து, ஊசி தட்டை அழுத்தும் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைப்பது தவறு. ஊசி தடத்தில் குதித்து, சுவரைச் செதுக்கும்.

பழைய தட்டு வாங்கப் போனால் முதல் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். 'டேக் இட் ஈஸி' வெளி ஓரத்தில் இருப்பதால் தேய்ந்த தட்டிலும் தெளிவாகவே கேட்கும், பின்பாதியில் வரும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் உட்பட. நேராக முதல் பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தைப் போடச் சொல்லுங்கள். டிக் டிக் என்று விட்டுவிட்டு வந்தால் தூசி. கழுவினால் பெரும்பாலும் போய்விடும். குரல் உயரும் இடத்தில் மட்டும் கரகரத்தால் அது தடத்தின் தேய்மானம், எந்தத் தண்ணீராலும் போகாது. இரண்டாவது பக்கத்துக்கும் இதே சோதனைதான்: 'பெஸ்ட் ஆஃப் மை லவ்'.